பழைய இங்கிலீஷ் ஆர்ம்சேர் நிஜமாவே பிரபு வீட்டுதானான்னு கண்டுபிடிக்கறது எப்படி

ஒரு பழைய ஆர்ம்சேரைக் காட்டி "இது இங்கிலாந்துல இன்ன பிரபு வீட்டுல இருந்து வந்தது"ன்னு யாராவது சொன்னா, எந்தப் பிரபுன்னு கேட்கறதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேளுங்க. அந்த வீட்டுல இருந்து இன்னைக்கு இந்த ரூம் வரைக்கும் அது யார் யார் கையில இருந்துச்சு, ஒவ்வொரு தடவை கை மாறினப்பவும் எழுத்துல என்ன இருக்கு? இதைத்தான் ஏல உலகத்துல ப்ராவனன்ஸ்னு சொல்றாங்க. பேரு எவ்ளோ பெருசா இருந்தாலும் நடுவுல அறுபது எழுபது வருஷம் ஒண்ணுமே தெரியலன்னா அது இன்னும் வெறும் வாய்வார்த்தைதான். எனக்கு இந்த விஷயத்துல பிடிவாதம் உண்டு, ஏன்னா ஒரு தப்பான குடும்பப் பேரு ஒரு சேர் மேல ஒட்டிக்கிச்சுன்னா அதை நிஜமா செஞ்சவன், நிஜமா வாங்கினவன், நிஜமா அதுல உட்கார்ந்தவன் எல்லாருமே காணாம போயிடறாங்க.

வேலையை ஆரம்பிக்கறப்ப காகிதத்தை எல்லாம் ஓரமா வச்சுட்டு முதல்ல சேரைப் பாருங்க. கதையைக் கேட்டுட்டு சேரைப் பார்த்தா கண்ணு அந்தக் கதைக்கு ஏத்ததை மட்டும்தான் தேடும். ரெண்டு பேரா சீட் கட்டையைப் பிடிச்சுத் தூக்குங்க, கைப்பிடியைப் பிடிச்சு தூக்கவே கூடாது, 250 வருஷ மூட்டு அதுலதான் விட்டுப்போகும். தரையில கெட்டியா கம்பளி விரிச்சு மெதுவா கவுத்துப் போடுங்க. ஒரு டார்ச், ஒரு லென்ஸ், ஒரு டேப், போன் கேமரா, இது போதும். டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, அப்பதான் இழைப்புளி போன தடம், ரம்பம் போன தடம் எல்லாம் நிழலோட எழுந்து தெரியும்.

அடிப்பக்கத்துல முதல்ல மரம். 1700களோட ஆரம்பத்துல நல்ல நாற்காலின்னா வால்நட்தான். 1721ல பிரிட்டிஷ் அரசு தன்னோட அமெரிக்க, கரீபியன் காலனி மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துருச்சு, அதுக்கப்புறம் ஜமைக்கா பக்கத்துல இருந்து மஹாகனி வர ஆரம்பிச்சு, 1730கள், 40கள்ல பெரிய வீட்டு சேர் எல்லாம் அதுக்கு மாறுச்சு. ஆனா வெளியில மஹாகனியா இருக்கற சேருக்குக்கூட துணிக்குள்ள மறைஞ்சு இருக்கற கட்டை பீச் மரமா இருக்கும், விலை கம்மி, ஆணி நல்லா பிடிக்கும், அதனால அது குறை இல்ல, அப்படித்தான் செஞ்சாங்க. முழுசா தங்க ரேக் ஒட்டின சேர்கள்லயும் உள்ள பீச் மரம் அடிக்கடி வரும். ரம்பத் தடம் நேர்கோடா, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா கையால அறுத்தது. வளைஞ்சு வளைஞ்சு வில்லு மாதிரி போனா அது வட்ட ரம்பம், அப்படின்னா அந்தக் கட்டை 19ஆம் நூற்றாண்டுக்கு வந்துடுச்சு. ஸ்க்ரூ ஏதாவது இருந்தா ஒண்ணைக் கழட்டிப் பாருங்க, 1850க்கு முந்தின கையால அராவின ஸ்க்ரூவுக்கு முனை மொட்டையா இருக்கும், தலையில இருக்கற வெட்டு சரியா நடுவுல இருக்காது. கூர்முனை ஸ்க்ரூ இருக்கறதால சேரே போலின்னு முடிவு கட்டிடாதீங்க, பின்னாடி யாரோ ரிப்பேர் பண்ணியிருக்கலாம், ஆனா எங்க, ஏன்னு நோட்ல எழுதிக்கோங்க.

அடுத்தது ஆணி ஓட்டை, பலபேரு இதை விட்டுடறாங்க. நிஜமா 1760ல செஞ்ச சேருன்னா அது இந்த இடைப்பட்ட காலத்துல எத்தனையோ தடவை துணி மாத்தியிருக்கும், அப்ப துணிக்குக் கீழ இருக்கற கட்டை முழுக்க சின்னச் சின்ன ஓட்டையா சல்லடையா இருக்கணும், சில இடத்துல மரமே நார் நாரா போயிருக்கும். ஒரே ஒரு வரிசை ஓட்டை மட்டும் சுத்தமா இருந்தா ஒண்ணு அந்தக் கட்டை புதுசு, இல்ல சேரே புதுசு. சுருள் ஸ்ப்ரிங் சீட்டுக்குள்ள இருக்கா பாருங்க, 1828ல லண்டன்ல சாமுவேல் ப்ராட் பேடன்ட் எடுத்ததுக்கு அப்புறம்தான் அது நாற்காலிக்குள்ள பரவலா வருது, அதுக்கு முன்னாடி பட்டை நாடா, சாக்குத்துணி, குதிரை முடி அவ்ளோதான். ஸ்ப்ரிங் இருந்தா பின்னாடி, பெரும்பாலும் விக்டோரியா காலத்துல, பிரிச்சு செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். ஏதாவது பழைய ஆணித் தலைக்கு அடியில ரெண்டு நூல் சிக்கியிருந்தா அதைப் பிடுங்காதீங்க, அது முதல் துணியோட மிச்சமா இருக்கலாம், பின்னாடி ஒரு பழைய பில்லுல "சிவப்பு டமாஸ்க்"னு, அதாவது பூவேலை நெய்த துணின்னு வந்தா அந்த ரெண்டு நூல்தான் சாட்சி.

அகலத்தை அளக்கவும் மறக்காதீங்க. ஆர்ம்சேருக்கு எப்பவும் விலை அதிகம்கறதால, கைப்பிடி இல்லாத சாதா டைனிங் சேருக்குப் பின்னாடி கைப்பிடி மாட்டி வித்த வேலை நிறைய நடந்திருக்கு. முதல்லேர்ந்தே ஆர்ம்சேரா செஞ்சதுன்னா அதே செட்டுல இருக்கற கைப்பிடி இல்லாத சேரை விட சீட் ரெண்டு இஞ்ச் அளவுக்கு அகலமா இருக்கும், முதுகும் அப்படியே. உட்கார்ந்தா முழங்கை இடிக்குது, கைப்பிடி சேர்ற இடத்துல செதுக்கு வேலை பாதியில வெட்டுப்பட்டு நிக்குதுன்னா சந்தேகப்படுங்க.

சரி, இப்ப அடையாளங்கள். ஃப்ரான்ஸ்ல 18ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து பாரிஸ் தச்சர் சங்கத்து ஆளுங்க தங்கள் பேரை மரத்துல முத்திரை குத்தியே ஆகணும். இங்கிலாந்துல அந்த விதி கிடையாது. லங்காஸ்டர் ஊரு கில்லோஸ் கம்பெனி முத்திரை குத்தினாங்க, ஆனா 18ஆம் நூற்றாண்டு லண்டன்ல பேர்போன ஃபர்னிச்சர் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் மாதிரி பெரிய ஆளு பேரு போட்டு முத்திரை குத்தற வழக்கமே வச்சுக்கல. அதனால "சிப்பன்டேல்"னு பேரு குத்தின பழைய சேர் கையில வந்தா சந்தோஷப்படறதுக்கு பதிலா உஷாராகணும். டிசைனை வச்சும் சொல்ல முடியாது, ஏன்னா அவரு 1754ல தன் டிசைன் எல்லாத்தையும் புத்தகமாவே போட்டுட்டாரு, 1762ல வந்த மூணாவது பதிப்புல 200 படம், அதை வாங்கினவங்கள்ல மத்த ஊரு தச்சர்களும் உண்டு, எவன் வேணா பார்த்து செய்யலாம், செஞ்சாங்க. அவரோட பட்டறை சேர்கள்ல அடிக்கடி பார்க்கற சில தடயங்கள் இருக்கு, பசை காயற வரைக்கும் இறுக்கிப் பிடிக்க சீட் கட்டைக்கு உள்பக்கம் வெட்டின சின்ன பள்ளம், வண்டியில அனுப்பறப்ப பெட்டிக்குள்ள அசையாம இருக்க கட்டை அடிச்ச ஸ்க்ரூ ஓட்டை. அது இருந்தா நல்ல அறிகுறி, ஆனா அதை மட்டும் வச்சு பேரு வைக்காதீங்க, லண்டன்ல மத்த நல்ல பட்டறைகளும் இப்படி வேலை செஞ்சிருக்கு.

அதை விட உபயோகமானது சொந்தக்காரங்க விட்டுட்டுப் போன குறி. உளியால வெட்டின ரோமன் எண், அது செட்டுல எத்தனையாவது சேருன்னு காட்டும், சீட் தனியா கழண்டு வர்ற மாதிரி இருந்தா சீட்லயும் ஃப்ரேம்லயும் ஒரே எண் இருக்கான்னு பாருங்க. சாக்பீஸ் எழுத்து, பழைய மை, குடோன் லேபிள், கண்காட்சி லேபிள். அரண்மனைப் பொருள்னா சூடு போட்ட முத்திரை இருக்கலாம், விண்ட்சர் கோட்டையில 1866ல கணக்கெடுத்தப்ப விக்டோரியா ராணியோட வி.ஆர். எழுத்து, கிரீடம், ரூம் நம்பர்னு போட்டாங்க. சில சேர்ல கறுப்பு மையில ஸ்டென்சில் வச்சு அடிச்ச எழுத்தும் நம்பரும் இருக்கும், அது பெரும்பாலும் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி பொருள் உள்ள வர்றப்ப போடற எண், லண்டன்ல இருக்கற அவங்க ஆர்கைவுக்கு படம் அனுப்பிக் கேட்டா எந்த வருஷம், யார் கொண்டு வந்தாங்கங்கற வரைக்கும் தேடிப் பார்க்க வழி இருக்கு. ஒரு அழுக்கு நம்பர்தானேன்னு துடைச்சுடாதீங்க, அந்த நம்பர்தான் உங்க சங்கிலியில ஒரு கண்ணி.

குடும்பச் சின்னம் செதுக்கியிருந்தா, இல்ல பெயின்ட் பண்ணியிருந்தா, முதல்ல மேல இருக்கற கிரீடத்துல இலையையும் உருண்டையையும் எண்ணுங்க, பெரிய பட்டத்துல இருந்து வரிசையா சொல்றேன். ட்யூக்னா ஸ்ட்ராபெரி இலை மட்டும், படத்துல அஞ்சு தெரியும். மார்க்விஸுக்கு மூணு இலையும் நடுவுல ரெண்டு உருண்டையும். ஏர்லுக்கு நீட்டுக் கம்பி மேல அஞ்சு உருண்டை, இடையில குட்டி இலைங்க. வைகவுன்ட்டுக்கு இலையே இல்லாம விளிம்போட வரிசையா உருண்டை, பாரனுக்கு நாலு உருண்டை. பாரனெட் பிரபு கணக்குல வர மாட்டாரு, அவருக்கு கிரீடம் கிடையாது, கேடயத்துல சிவப்புக் கை இருக்கும். அப்புறம் பட்டம் எப்ப வந்துச்சுன்னு தேதியைப் பாருங்க. யார்க்‌ஷயர்ல ஹேர்வுட் ஹவுஸ் இருக்கு, சிப்பன்டேலோட பெரிய பெரிய வேலைகள்ல அது ஒண்ணு, 1767ல இருந்து அங்க சாமான் போச்சு. அப்ப அந்த வீட்டுக்காரர் எட்வின் லாசெல்ஸுக்கு எந்தப் பட்டமும் இல்ல, 1790லதான் பாரன் ஆனாரு, குடும்பத்துக்கு ஏர்ல் பட்டம் 1812ல வந்துச்சு. அப்ப 1770னு சொல்ற ஒரு "ஹேர்வுட்" சேர்ல செய்யறப்பவே செதுக்கின மாதிரி ஏர்ல் கிரீடம் இருந்தா, ஒண்ணு சின்னம் பின்னாடி சேர்த்தது, இல்ல சேர் பிந்தினது. தலைக்கு மேல இருக்கற சின்ன உருவம், க்ரெஸ்ட்னு சொல்வாங்களே, சிங்கம், பருந்து, கைமுஷ்டி, அதை மட்டும் வச்சு குடும்பத்தை முடிவு பண்ணவே கூடாது, ஒரே சிங்கத்தை டஜன் கணக்கான குடும்பம் வச்சிருக்கும். கேடயமும் வாசகமும் சேர்ந்து பொருந்தணும்.

பேரு விஷயத்துல இங்கதான் ஜனங்க தொலைஞ்சு போறாங்க. பட்டம் வேற, குடும்பப் பேரு வேற. லாசெல்ஸ் குடும்பம்தான் ஹேர்வுட் ஏர்ல். டன்டாஸ் குடும்பம் 1765ல வெறும் பாரனெட், 1794ல பாரன் டன்டாஸ், 1838ல ஏர்ல் ஆஃப் ஜெட்லண்ட், 1892ல மார்க்விஸ் ஆஃப் ஜெட்லண்ட். ஒரே வீடு, ஒரே ரத்தம், காகிதத்துல நாலு பேரு. மகளுக்குக் கல்யாணம் ஆகி அவ கூட சேரும் போச்சுன்னா அஞ்சாவது பேரு வரும். அதனால தேடறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல வம்ச மரம் போடுங்க, ஒவ்வொருத்தருக்கும் பட்டம், அது வந்த வருஷம், இறந்த வருஷம், எந்த எந்த வீடு, யார் வாரிசு. பர்க்ஸ் பியரேஜ்னு 1826ல இருந்து வர்ற தொகுப்பு இதுக்கு உதவும். லண்டன் வீடு, கிராமத்து மாளிகை, விதவைத் தாய்க்குன்னு ஒதுக்கின வீடு, வேட்டைக்குப் போற வீடு எல்லாத்தையும் எழுதுங்க, சேர் இந்த வீடுகளுக்குள்ளயே சுத்தியிருக்கும்.

சங்கிலி முழுசா இருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க இந்த டன்டாஸ் ஆர்ம்சேர்களையே எடுத்துக்கோங்க. சர் லாரன்ஸ் டன்டாஸ் ஏழாண்டுப் போர்ல ராணுவத்துக்கு சப்ளை பண்ணி பெரும் பணக்காரர் ஆனவரு. லண்டன்ல 19 ஆர்லிங்டன் ஸ்ட்ரீட் வீட்டுக்கு கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் டிசைன் பண்ணி, சிப்பன்டேல் செஞ்சு கொடுத்த தங்க ரேக் ஆர்ம்சேர் எட்டு, கூட சோஃபாக்கள். ஆடம் 1764ல டன்டாஸ் பேரு போட்டே வரைஞ்ச சோஃபா டிசைன் இப்ப லண்டன் சர் ஜான் சோன் மியூசியத்துல இருக்கு. சிப்பன்டேல் 1765ல கொடுத்த பில்லும் இருக்கு, எட்டு பெரிய ஆர்ம்சேருக்கு 160 பவுண்டு, அதாவது ஒண்ணு 20 பவுண்டு, ரொம்ப உயர்வா செதுக்கி தங்கம் ஒட்டினது, துணி நீங்களே கொடுத்த டமாஸ்க், காலுக்கு உருளை போட்டதுன்னு வரி வரியா. ஆடம் வரைஞ்சு சிப்பன்டேல் செஞ்சதுன்னு காகிதத்தோட நிரூபிக்கக் கிடைச்சிருக்கற சாமான் இது ஒண்ணுதான்னு சொல்வாங்க. அப்புறம் தலைமுறை தலைமுறையா குடும்பத்துக்குள்ளயே வந்து 1934ல அப்போதைய மார்க்விஸ் ஆஃப் ஜெட்லண்ட் கிறிஸ்டீஸ்ல ஏலத்துக்கு விட்டாரு. இப்ப ஒரு சேரை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல போய்ப் பார்க்கலாம், சீட்டுக்குக் கீழ முன்கட்டையில ஸ்ஃபிங்ஸ் (மனுஷத் தலை, சிங்க உடம்பு) உருவம் செதுக்கியிருக்கும். டிசைன், பில், குடும்பம், ஏலம், மியூசியம், எங்கயும் அறுபடல. நீங்க பார்க்கற சேருக்கு இவ்ளோ கிடைக்காது, ஆனா இந்த அஞ்சுல எது எது உங்க கையில இருக்கு, எது இல்லன்னு கேட்டுப் பாருங்க, எங்க தேடணும்னு தானா தெரியும்.

பில்லு எங்க கிடைக்கும்? பெரும்பாலும் குடும்பக் காகிதங்கள் அந்தந்த கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்டு ஆபீஸ்ல இருக்கும், லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸோட டிஸ்கவரி கேட்டலாக்ல குடும்பப் பேரும் வீட்டுப் பேரும் போட்டா எந்த ஆபீஸ்ல இருக்குன்னு காட்டும், வீட்ல உட்கார்ந்தே தேடலாம். 1858க்கு முன்னாடி இறந்த பெரிய சொத்துக்காரங்க உயில் நிறைய கேன்டர்பரி பேராயரோட கோர்ட்ல பதிவானது, அதுவும் நேஷனல் ஆர்கைவ்ஸ் ஆன்லைன்ல கிடைக்குது. உயில்ல "இந்த வீட்டுச் சாமான் எல்லாம் வீட்டோடயே வாரிசுக்குப் போகணும்"னு ஹெர்லூம் விதி இருக்கான்னு பாருங்க, இருந்தா இடையில வித்திருக்க வாய்ப்பு கம்மி, சங்கிலிக்கு அது பெரிய பலம். இன்வென்டரிதான் நிஜப் புதையல், ரூம் ரூமா என்ன இருக்குன்னு எழுதின லிஸ்ட், ஆனா "எட்டு மஹாகனி எல்போ சேர், பச்சை டமாஸ்க்"னுதான் இருக்கும் (எல்போ சேர்னா ஆர்ம்சேர்தான்), படம் இருக்காது, அதனால எண்ணிக்கை, மரம், துணி நிறம், ரூம் நாலும் பொருந்தினாத்தான் சேர்த்து வைக்கணும். தச்சர் பேரு வந்துட்டா பிஃப்மோங்கற இலவச தளத்துல பிரிட்டிஷ், ஐரிஷ் ஃபர்னிச்சர் தச்சர் விவரம் எல்லாம் இருக்கு. 1897ல இருந்து வர்ற கன்ட்ரி லைஃப் பத்திரிகையோட பழைய படங்களை விட்டுடாதீங்க, ஒரு மாளிகையோட டிராயிங் ரூம் போட்டோவுல மூலையில உங்க சேர் நின்னா அதை விட வேற என்ன வேணும், ஆனா அங்க நிக்கறது அதே செட்டுல வேற சேராவும் இருக்கலாம்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் ஏல கேட்டலாக். பிரபு வீட்டுச் சாமான் எல்லாம் வெளிய வந்ததுக்கு காரணம் பெரும்பாலும் கடனும் வரியும்தான். 1848ல ஸ்டோவ் மாளிகையில பக்கிங்காம் ட்யூக் திவாலாகி 40 நாள் ஏலம் நடந்துச்சு, அந்த கேட்டலாக்கை விலையும் வாங்கினவங்க பேரும் போட்டு அப்பவே புத்தகமா வெளியிட்டாங்க, அதனால "ஸ்டோவ்ல இருந்து வந்தது"ன்னு யாராவது சொன்னா லாட் நம்பரை, அதாவது அந்த கேட்டலாக்ல பொருளுக்குப் போட்ட எண்ணைக் கேளுங்க, இருந்தே ஆகணும். 1894ல எஸ்டேட் ட்யூட்டி, அதாவது இறந்தவங்க சொத்து மேல வரி வந்துச்சு, 1919ல பெரிய சொத்துக்கு அது 40 சதவீதம் வரைக்கும் போச்சு, முதல் உலகப் போர்ல வாரிசும் போன குடும்பங்கள் வீட்டையே இடிச்சுட்டு சாமானை வாசல்லயே ஏலம் விட்டாங்க, அந்த சின்ன ஊரு ஏலக்காரங்க போட்ட கேட்டலாக் லோக்கல் லைப்ரரியில தூங்கிட்டு இருக்கும். எல்லாம் சிதறாம தப்பிச்ச வீடும் உண்டு. ஸ்காட்லாந்துல டம்ஃப்ரீஸ் ஹவுஸ்ல 1759 சிப்பன்டேல் பில்லோட சாமானும் அப்படியே அதே வீட்ல இருந்துச்சு, 2007ல ஏலத்துக்கு லாரி லண்டன் நோக்கிக் கிளம்பின பிறகு இளவரசர் சார்லஸ் முன்ன நின்னு 45 மில்லியன் பவுண்டுக்கு வீட்டையும் சாமானையும் சேர்த்து வாங்க வச்சு திருப்பிக் கொண்டு வந்தாங்க. இந்தச் செய்தி எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும்.

கேட்டலாக் படிக்கறப்ப வார்த்தையை எடை போட்டுப் படிங்க. "சப்ளைடு டு" இன்னாருக்குன்னா பில்லோ அதுக்குச் சமமான ஆதாரமோ இருக்கணும். "ஆல்மோஸ்ட் சர்ட்டன்லி"ன்னா நல்ல யூகம். "பை டிசென்ட்"னா குடும்பத்துக்குள்ள வாரிசா வந்தது, அதுல எத்தனை தலைமுறையை ஒரே வார்த்தையில தாண்டியிருக்காங்கன்னு எண்ணுங்க. "பை ரெப்யூட்"னா கேள்விப்பட்டது, அவ்ளோதான். "ப்ராபர்ட்டி ஆஃப் எ நோபிள்மேன்"னா விக்கறவரு ஒரு பிரபு, சேர் அவரோட தாத்தா காலத்துல இருந்து அங்க இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, போன வருஷம் வாங்கி வச்சதாவும் இருக்கலாம்.

அதே மாதிரி ப்ராவனன்ஸ் நிஜமா இருந்தா தேதியும் நிஜம்னு நினைச்சுக்காதீங்க. 19ஆம் நூற்றாண்டு பின்பாதியில சிப்பன்டேல் ஸ்டைல் மறுபடி ஃபேஷன் ஆனப்ப பிரபுக்களே நல்ல பட்டறைகள்ல சொல்லி காப்பி செய்ய வச்சாங்க, எட்டு சேர் செட்டைப் பன்னெண்டு ஆக்கினாங்க. அப்ப குடும்பம் உண்மை, வீடு உண்மை, பில்லு உண்மை, சேர் மட்டும் நூறு வருஷம் இளசு. முதல்ல சேரைப் பார்க்கச் சொன்னது இதுக்குத்தான், வட்ட ரம்பத் தடம் இங்க பேசும்.

நம்ம பக்கத்துல இருந்து போன ஒரு செட்டும் இருக்கு, சொல்லாம விட மனசு வரல. 1773ல இருந்து 1775 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த அலெக்சாண்டர் வின்ச் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன, யானைத் தந்தம் பதிச்ச நாற்காலிகளை 1781 ஏலத்துல மூணாம் ஜார்ஜ் ராஜா தன் ராணி சார்லட்டுக்காக வாங்கினாரு, இன்னைக்கும் ராயல் கலெக்‌ஷன்லதான் இருக்கு. இந்தியாவுல இங்கிலீஷ் வடிவத்துல செஞ்ச சேர், அதனால பிரபு வீட்டுச் சேர்னதும் மரமும் வேலையும் இங்கிலாந்துதான்னு முடிவு கட்டிடாம பாருங்க.

தேடறப்ப சேரை அப்படியே விடுங்க. பாலிஷ் போடறது, தங்கத்தைப் புதுசாக்கறது, லேபிளைச் சுரண்டறது எதுவும் வேணாம். துணி மாத்தியே ஆகணும்னா முதல்ல எல்லாத்தையும் போட்டோ எடுங்க, கழட்டின ஆணி, துணித் துண்டு, பழைய நாடா எல்லாத்தையும் கவர்ல போட்டு எந்தக் கட்டையில இருந்து வந்ததுன்னு எழுதி வைங்க. ப்ராவனன்ஸ் தாள் எழுதறப்ப ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஆதாரம் எழுதுங்க, ஆதாரம் இல்லாத இடத்துல வருஷத்தைப் போட்டு காலியா விடுங்க, அழகுக்காக நிரப்பாதீங்க. வாங்கறதா இருந்தா காசு கொடுக்கறதுக்கு முன்னாடி லண்டன் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர்ல திருட்டுப் பொருளான்னு ஒரு தேடல் போடச் சொல்லுங்க. பிரிட்டன்ல இருந்து வெளிய எடுத்துட்டுப் போறதா இருந்தா, 50 வருஷத்துக்கு மேல பழசாகி குறிப்பிட்ட மதிப்பையும் தாண்டின பொருளுக்கு எக்ஸ்போர்ட் லைசன்ஸ் வேணும், நாட்டோட சரித்திரத்தோட ரொம்ப நெருக்கமான பொருள்னா 1952ல வந்த வேவர்லி விதிப்படி லைசன்ஸை கொஞ்ச காலம் நிறுத்தி வச்சு உள்ளூர் மியூசியம் வாங்க வாய்ப்பு கொடுப்பாங்க. தந்தம் பதிச்சிருந்தா 2022 ஜூன்ல இருந்து அமல்ல இருக்கற ஐவரி ஆக்ட் தனி, அதுக்குப் பதிவோ சான்றிதழோ இல்லாம பிரிட்டன்ல விக்கவோ வாங்கவோ முடியாது, அந்தக் காகிதத்தையும் சேர் கூடவே கேட்டு வாங்குங்க.